திருத்திய வீடும் தீராத உறுதியும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்பது எம்மவரிடையே காலங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒரு மனிதனின் ஆயுளில் இவை இரண்டும் ஒவ்வொரு தடவைதான் நேரும் என்ற எண்ணத்தில் பிறந்த வார்த்தை அது. வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பழமொழியின் முதற்பாதி பொருந்தாது. அறுபது வயதைக் கடந்த கிளிநொச்சிவாசி ஒருவரைக் கேட்டால், ஒரே வளவில் மூன்று தடவையோ நான்கு தடவையோ வீடு எழுப்பிய கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மேசனுக்கு அருகில் நின்று தானே கல் எடுத்துக் கொடுத்தவர், தானே சாந்து குழைத்தவர் அவர்.

பழைய வீடொன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் தன் கையாலேயே திருத்தி, நல்ல விலை வந்ததும் விற்றுவிடுவது மேற்குலகில் ஒரு தொழில். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் எம்மவர் பலருக்கும் இது பழக்கமான சங்கதி. வன்னியில் அண்மைக் காலம்வரை இது கேள்விப்படாத ஒன்று. இப்போது அங்கும் இங்குமாகச் சிலர் தமது சிதைந்த வீடுகளை முதன்முறையாக விற்பதற்கென்றே திருத்துகிறார்கள். அவர்களின் தொகை சிறியது. ஆனால் இந்த மாற்றத்தை நான் சிறியதாகக் கருதவில்லை. வன்னியில் வீடு என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கட்டப்பட்டும், எரிக்கப்பட்டும், மீளக் கட்டப்பட்டும் வந்திருக்கிறதே தவிர, விற்கப்படும் பண்டமாக இருந்ததில்லை. அது ஏன் என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

நிலம் இருந்தது, மனிதர் இல்லை

பழைய வன்னியைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் நாடும் நூல்களுள் ஒன்று, பிரித்தானிய நிர்வாக அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல். அந்நாளைய வன்னியில் நிலத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தண்ணீருக்கும் மனிதருக்குமே பஞ்சம் இருந்தது. மலேரியாவும் வரட்சியும் குடிகளைக் குறைத்துக்கொண்டே இருந்தன. குளத்தின் கீழிருந்த வயலுக்கு மதிப்பு உண்டு. மாட்டுக்கு மதிப்பு உண்டு. மண்சுவரும் வைக்கோலும் கொண்ட வீட்டுக்குத் தனியான விலை என்று எதுவும் இல்லை. கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். மாரியில் கரைந்த சுவரைக் கோடையில் மெழுக வேண்டும். வீட்டைத் திருத்துவது பயிர்ச்செய்கையைப் போலப் பருவத்தோடு வரும் வேலையாக இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை நேர்மாறானது. அங்கே பரப்பும் லாச்சமும் கணக்கிட்டு நிலம் பங்கிடப்பட்டது. உறுதி, தோம்பு, சீதனம், முதுசம் என்று ஆதனத்தைச் சுற்றியே சட்டமும் வாழ்க்கையும் பின்னப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமையின் பெரும்பகுதி, யார் எந்த ஆதனத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதைப் பற்றியதே. காணி விற்பவர் தமது உரித்தாளர்களுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அதிலிருந்து வந்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முன்னுரிமைக் கொள்வனவு உரிமையைத் தனிச் சட்டமாகவே ஆக்கியது.

இந்த இரண்டு உலகங்களும் சந்தித்த இடம் கிளிநொச்சி. 20 ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் உருவானது. உறுதிக் காணியின் அருமையை அறிந்த மனிதர்கள், உறுதியே இல்லாத நிலத்தில் வந்து குடியேறினார்கள்.

1935 இன் சட்டம்

1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடியொற்றி, விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்காவின் காலத்தில் வந்தது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இன்றைக்கும் வன்னியின் பெரும்பாலான குடிமனைகள் இந்தச் சட்டத்தின் நிழலிலேயே நிற்கின்றன. இலங்கையின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குரியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இச்சட்டத்தின் வீச்சு புரியும்.

சட்டத்தின் ஏற்பாடு இதுதான். அரச காணி ஒரு குடும்பத்துக்கு உத்தரவுப் பத்திரத்தின் மூலம் வழங்கப்படும். இதைத்தான் வன்னி மக்கள் 'பெர்மிற்' என்கிறார்கள். காடு வெட்டி, பயிர் செய்து, வீடு கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிற்காலத்தில் அது அளிப்புப் பத்திரமாக மாறலாம். ஆனால் எழுத்து மூலமான அனுமதியின்றி அதை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. கடனுக்காக நீதிமன்றம் அந்தக் காணியைப் பறிமுதல் செய்து விற்கவும் இயலாது.

இதன் பின்னிருந்த எண்ணத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு போகம் பொய்த்தால் வட்டிக்காரனிடம் போகும் ஏழை விவசாயியிடமிருந்து நிலம் நழுவிவிடக்கூடாது என்பதே அந்த எண்ணம். நிலம் அவனிடம் இருந்ததும் உண்மை. ஆனால் சட்டம் நிலத்தையும் வீட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நிலம் அரசினுடையது என்றால், அதன்மேல் விவசாயி தன் வியர்வையில் எழுப்பிய சுவர் யாருடையது? அந்தக் கேள்விக்கு அன்று அவசரம் இருக்கவில்லை. மண்சுவருக்கு விலை இல்லாதபடியால் கேள்விக்கும் விலை இல்லை.

1970 களில் நிலைமை மாறியது. வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, விசுவமடு, முத்தையன்கட்டு, வட்டக்கச்சி, உருத்திரபுரம் போன்ற இடங்களின் தோட்டக்காரர் கையில் முதல்தடவையாகக் காசு புழங்கியது. செத்தல் மிளகாய் கல்வீடாக மாறியது என்று சொன்னால் மிகையல்ல. குந்து வைத்த விறாந்தை, ஓட்டுக்கூரை, நிலையில் செதுக்கு வேலை என்று குடாநாட்டு வீட்டின் சாயல் வன்னிக்கு வந்தது. 1977 க்குப் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது மிளகாய்க் காலம் முடிந்தது. வீடுகள் நின்றன. ஆனால் அவை நின்ற நிலம் பெர்மிற் நிலம்.

அதே 1977 இல் இன்னொரு சாராரும் வன்னிக்கு வந்தனர். அவ்வாண்டு இனவன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர்தப்பி வந்த குடும்பங்கள் அவை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். பெரிய கட்டடங்களை வரைந்த ஒருவர் தமது பிற்காலத்தைக் கொட்டில்களுக்காகச் செலவிட்டார் என்பதை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். அவர்களால் குடியமர்த்தப்பட்டோர் பலருக்கு உறுதியும் இல்லை, பெர்மிற்றும் இல்லை. இருந்தது வளவைச் சுற்றிய வேலி மட்டுமே.

ஆக, போர் தொடங்கும் வேளையில் வன்னியில் மூன்று வகை வீடுகள் இருந்தன: உறுதிக் காணி வீடு, பெர்மிற் காணி வீடு, பத்திரம் ஏதுமில்லாத வீடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கூரையைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்

1996 இல் சத்ஜெய நடவடிக்கையின்போது கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் விடுதலைப் புலிகள் அதை மீளக் கைப்பற்றியபோது நகரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின் மக்கள் திரும்பி வந்து கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. அங்கும் மீண்டும் கட்டினார்கள்.

2008 இன் இறுதிப் பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மக்கள் நகரத் தொடங்கியபோது, பலர் தமது வீட்டின் ஓடுகளையும் தகரங்களையும் கதவு யன்னல்களையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். போகுமிடத்தில் நிழல் வேண்டுமல்லவா? ஒவ்வோர் இடப்பெயர்விலும் அந்தச் சுமை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் தறப்பாள் மட்டும் மிஞ்சியது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி மறுபடியும் இராணுவத்திடம் வந்தது. மே மாதத்தில் போர் முடிந்தபோது, எஞ்சிய மக்கள் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது.

மீளக்குடியமர்ந்தோர் கண்டவை பெரும்பாலும் கூரையில்லாத சுவர்களே. நிலைகளும் யன்னல்களும் பெயர்க்கப்பட்டிருந்தன. வயர் இழுத்த குழாய்கள்கூடச் சுவரிலிருந்து கிளறி எடுக்கப்பட்டிருந்தன.

கட்டக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை

இந்திய அரசாங்கத்தின் 50,000 வீட்டுத் திட்டம் இங்குதான் வருகிறது. 2010 இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளைப் பயனாளிகளே கட்ட வேண்டும். புதிய வீட்டுக்கு 550,000 ரூபா. சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபா. பணம் தவணை தவணையாக நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு தவணையின் வேலை முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிசெய்தால் அடுத்த தவணை. 2001 ஆம் ஆண்டு குஜராத் பூகம்பத்துக்குப் பின்னர் அங்கே பெருமளவில் கையாளப்பட்ட முறையும் இதுதான். உலக வங்கியின் நிதியில் இயங்கிய வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டமும் இதே வழியில் நடந்தது.

வீட்டைச் சொந்தக்காரரே கட்டுவதால் செலவு குறைகிறது, ஒப்பந்தகாரரின் இலாபம் மிச்சம், வீடு அவரவர் விருப்பப்படி அமைகிறது என்பன உண்மை. ஆனால் அந்த 550,000 ரூபா ஒரு வீட்டை முடிக்கப் போதவில்லை என்பதும் உண்மை. ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான அத்திவாரங்கள் வெட்டப்பட்டபோது மணலும் கல்லும் மரமும் விலை ஏறின. மேசன்மார் கிடைக்கவில்லை. நகை அடகுக்குப் போனது. நுண்கடன் வீட்டுக்கு வந்தது. பின்னாளில் வடக்கின் கிராமங்களை உலுக்கிய நுண்கடன் பிரச்சினைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முடிக்கப்படாத வீடும் ஒன்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சில ஆண்டுகளில் வன்னியின் ஒரு தலைமுறை முழுவதும் கட்டடம் கட்டக் கற்றுக்கொண்டது. சீமெந்துக் கல் அரிந்து, ஏழு நாள் தண்ணீர் விட்டு இறுக வைக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரின் நேர் பார்க்கும் பள்ளிக்கூடப் பையன்களையும் கண்டிருக்கிறேன். இதனால்தான் 2015 க்குப் பின்னர் 65,000 உருக்குப் 'பொருத்து வீடுகள்' கொண்டுவரப்படவிருந்தபோது அவ்வளவு எதிர்ப்பு எழுந்தது. வீடு ஒன்றுக்குச் சொல்லப்பட்ட செலவில் இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்று சாதாரண மக்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஏனென்றால் அந்தக் கணக்கு அவர்களுக்குக் கைப்பழக்கம். திட்டம் கைவிடப்பட்டது.

புதிதாகக் கட்டுவதைவிடச் சிதைந்ததைத் திருத்துவது கடினம் என்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். புதிய வீட்டில் அத்திவாரம் முதல் முகடு வரை எல்லாம் கண் முன்னே எழும்புகின்றன. பழைய வீடு தன் குறைகளை மறைத்து வைத்திருக்கும். கண்ணிவெடி அகற்றுவோர் வளவைத் துப்புரவாக்கும் வரை மண்வெட்டி வைக்க முடியாது. கிணற்றை இறைத்துத் தூர் எடுத்த பின்னரே சாந்து குழைக்கத் தண்ணீர் கிடைக்கும். சுவரில் முளைத்த ஆலங்கன்றை வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். வேரைக் கிளறினால் சுவர் பிளக்கும். தீயில் வெந்த சுவரின் பழைய பூச்சை முற்றாகக் கொத்தி எடுக்காமல் புதுப்பூச்சு பிடிக்காது. எல்லாவற்றிலும் மோசமானது யன்னலுக்கு மேலுள்ள லிண்டல். பல மாரிகள் மழையில் நனைந்த கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளந்திருக்கும். வெடிப்பைச் சாந்தால் மறைக்கலாம். இரண்டு மாரி கழித்து அது திரும்பவும் வாய் பிளக்கும்.

வசிப்பதற்காகத் திருத்துபவருக்கும் விற்பதற்காகத் திருத்துபவருக்கும் இடையிலான வேறுபாடு இந்த லிண்டலில்தான் தெரியும். முன்னவர் லிண்டலை உடைத்துப் புதிதாக வார்ப்பார். வெள்ளை அடிக்க ஐந்து வருடம் பொறுப்பார். பின்னவருக்கு வெள்ளையும் தரை ஓடும் படலையும் முதலில் வரும். எனவே வீடு வாங்கும் எண்ணமுள்ள வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே ஆலோசனை, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள் என்பதுதான்.

இரண்டு வளவுகள்

விற்பனை என்ற விடயம் எப்படி முளைத்தது? ஏ-9 வீதி திருத்தப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வந்தது. வங்கிகளும் கடைகளும் திறந்தன. வீதியோரக் காணிக்கு விலை ஏறியது. வவுனியா நகரில் இந்தச் சந்தை முன்னரே இருந்தது. இடம்பெயர்ந்தோர் வந்து குவிந்த நகரம் அது. வடக்கே, வெளிநாடு சென்றவர்கள் விட்டுப்போன வீடுகளும், பிள்ளைகள் அனைவரும் புலம்பெயர்ந்துவிட்ட முதியோரின் வீடுகளும் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன.

பரந்தன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு வளவுகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்களின் பெயர் இங்கே அவசியமில்லை.

முதலாவது உறுதிக் காணி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தகப்பனாரின் சிதைந்த வீட்டைத் தாமே திருத்தினார். விற்று வரும் பணத்தில் மகளைப் படிப்பிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கட்டட வேலையில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. ஒரு மேசனையும் தமது மகனையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஏழு மாதத்தில் வேலையை முடித்தார். வீடு விலைப்பட ஒன்றரை வருடத்துக்கு மேல் சென்றது. தாமதத்துக்கு வீடு காரணமில்லை. தகப்பனார் மரணசாசனம் எழுதாமல் இறந்தபடியால் உரித்தாளர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவர்களோ நான்கு நாடுகளில் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் வர வேண்டும். ஒருவர் தூதரகத்துக்குப் போக நேரமில்லை என்றார். இன்னொருவர், "ஊர் வீட்டை விற்கலாமா?" என்று உணர்ச்சிவசப்பட்டார். அவர் அந்த வீட்டைப் பார்த்து முப்பது வருடங்கள் ஆகியிருந்தன.

இரண்டாவது பெர்மிற் காணி. அங்கே இருந்த பெண், வீட்டுத்திட்டப் பணத்திலும் கடனிலும் தம் கையாலேயே வீட்டைக் கட்டியிருந்தார். என் கண்ணுக்கு அதுதான் இரண்டிலும் உறுதியான வீடு. வவுனியாவில் இருக்கும் சகோதரிக்கு அருகில் போய்விட்டால் பிள்ளைகளை வளர்ப்பது இலகு என்பதால் வீட்டை விற்க விரும்பினார். பெர்மிற் கணவரின் பெயரில் இருந்தது. கணவர் 2009 இல் காணாமற்போனவர்.

"ஐயா, வீடு என்ர கையால கட்டினது. காணி அவற்ற பேரில. அவர் வந்து கையெழுத்து வைச்சால்தான் விக்கலாமாம். அவர் வந்தால் நான் ஏன் விக்கிறன்?"

அவருக்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். பெற்றால் காணி உரித்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஆனால் உடலைக் காணாத ஒரு பெண், தன் கணவர் இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வன்னியில் பல பெண்கள் மறுத்தது அதைத்தான். 2016 இல் வந்த திருத்தம், மரணத்தைச் சொல்லாமல், அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு வழிசெய்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் அதைக் கொண்டு வீட்டை விற்றுவிட முடியாது.

உறுதிக் காணியுள்ள பெண்ணுக்கும் பாதை நேரானதல்ல. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. கணவர் இல்லாதபோது மாவட்ட நீதிமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்கலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், தவணைகள் வேண்டும், பஸ் காசு வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஒருவர் வந்து, வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றித் தந்தால் ரொக்கப் பணம் தருவதாகச் சொன்னாராம். சொன்ன தொகை, வீடு கட்டிய செலவின் பாதிகூட இல்லை. பெர்மிற் காணிகள் இப்படி மறைவாகக் கைமாறுவது ஊரறிந்த இரகசியம். வாங்குபவர் பெறுவது அனுபவத்தை மட்டுமே, உரிமையை அல்ல. அதனால் விலை பாதியாகிறது. விற்பவரை வறுமையிலிருந்து காப்பதற்கென 1935 இல் எழுதப்பட்ட சட்டம், அவருடைய உழைப்பைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் கருவியாக இன்று மாறியிருக்கிறது. அந்தப் பெண் அதற்கு உடன்படவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பெருவிலிருந்து வந்த இரண்டு கருத்துகள்

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உலகுக்குக் கிடைத்தன. அங்கே பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜோன் டேர்ணர், 1970 களில் எழுதியவற்றில், வீடு என்பதை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு செயலாகப் பார்க்க வேண்டும் என்றார். தாமே கட்டும் மக்களுக்குத் தீர்மானிக்கும் உரிமையையும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உறுதியில்லாத ஏழையின் வீடு உயிரற்ற மூலதனம் என்றார். உறுதியைக் கொடுத்தால் அது உயிர்பெறும் என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்கள், உறுதி கிடைத்ததும் வங்கியும் தரகரும் வந்து ஏழையை நிலத்திலிருந்து வெளியேற்றிவிடுவர் என்றார்கள்.

வன்னியில் இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. முல்லைத்தீவு கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 ஆம் திகதி தொடங்கி ஒரு மாத காலம் வெயிலிலும் பனியிலும் படையினரின் வாசலில் அமர்ந்திருந்தது, விற்பதற்கான காணியைக் கேட்டல்ல. குடியிருக்கும் காணியைக் கேட்டுத்தான். அப்படிப்பட்ட மண்ணில், நாளை முதல் எல்லோரும் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், கடனில் மூழ்கியிருப்பவரே முதலில் விற்பார். அது விற்பனையாகாது, இன்னோர் இடப்பெயர்வு ஆகும். 2024 இல் அரசாங்கம் 'உறுமய' என்ற பெயரில், அளிப்புப் பத்திரம் வைத்திருப்போருக்கு முழு உரித்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, வரவேற்பும் அச்சமும் ஒருசேர எழுந்தமைக்கு இதுவே காரணம்.

ஆனால் விற்க முடியாத ஒன்றை முழுமையாகச் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. என்னுடைய கருத்து, வரிசையைச் சரியாக வைக்க வேண்டும் என்பதே. முதலில் பத்திரமே இல்லாத குடும்பங்களுக்கு, குறிப்பாக 1977 க்குப் பின் வந்து குடியேறிய மலையக மக்களின் சந்ததிக்கு, பத்திரம் கிடைக்க வேண்டும். அடுத்து, காணாமற்போனவரின் பெயரிலுள்ள பெர்மிற் மனைவியின் பெயருக்கு மாற வேண்டும். அதற்காக அவர் மரணச் சான்றிதழ் கேட்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது. உரித்தில் மூத்த மகனுக்கே முதலிடம் என்றிருந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் விதியை 2022 இல் திருத்த முடிந்தது. இதையும் திருத்த முடியும். நிலம் அரசினுடையதாகவே இருந்தாலும், அதன்மேல் குடும்பம் சேர்த்த கட்டடத்தின் பெறுமதியைப் பிரித்து மதிப்பிட்டு, காணி கைமாறும்போது பகிரங்கமாகக் கொடுக்கும் முறை ஒன்றும் வேண்டும். கடைசியில்தான் விற்பதா இல்லையா என்ற கேள்வி. அதற்குரிய பதிலை அந்தக் குடும்பமே சொல்லட்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையிலான போர்க்காலத்தில் காணியைவிட்டு அகல நேர்ந்தவர்களின் உரிமை ஆட்சியுரிமையால் இழக்கப்படாதிருக்க ஒரு காப்பைத் தந்தது. காணி நின்றது. ஆனால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் உடன்பிறப்பும் அங்கே நிற்கிறார். 2022 இன் நெருக்கடியில் சீமெந்தின் விலை ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. அன்று அரைவாசியில் நின்ற கூரை வேலைகள் பலவற்றில் இன்னும் தகரம்தான் கிடக்கிறது. அந்த வீட்டை உங்கள் பெயருக்குப் பிரித்து எழுதுவதென்றால் எழுதுங்கள். விட்டுக்கொடுப்பதென்றால் கொடுங்கள். ஊர் வீடு என்ற உணர்ச்சி மட்டும் மழைக்கு ஒழுகாத கூரையாகிவிடாது.

வன்னி மக்கள் ஒரு நூற்றாண்டுக்குள் காட்டை வெட்டிக் கட்டினார்கள், மிளகாய் விற்றுக் கட்டினார்கள், முகாமிலிருந்து வந்து கட்டினார்கள். கட்டுவதற்கு அவர்களுக்கு இனி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கட்டியது தமது என்று சொல்வதற்கான தாள் மட்டும் இன்னும் பலருடைய கைக்கு வந்து சேரவில்லை.